ஆபரேஷனுக்கு முந்தைய நாட்கள்

அன்புள்ள மருமகனுக்கு, அத்தை எழுதுவது.

பயாப்ஸி முடிவு வந்த அன்று உங்கப்பன் என்னிடம் சொன்ன முதல் பேச்சே, "அக்கா, அவனுக்குத் தெரிய வேண்டாம், வாய்ப்புண்ணுன்னே சொல்லிக்கலாம்" என்பதுதான். கதிர்வீச்சு வார்டில் நர்ஸாக இருந்த காலமெல்லாம் இதைக் கேட்டுச் சலித்தவள் நான். நாக்கில் கத்தி வைக்கப் போகிறார்கள், எதற்கென்று அவனிடமே மறைப்பதா என்று சத்தம் போட்டுத்தான் உங்கப்பனை அடக்கினேன். அவன்மேல் கோபப்படாதே, பயத்தில் பேசிவிட்டான். ஆனால் இனி ரிப்போர்ட், ஸ்கேன் எல்லாம் உன் கையிலேயே இருக்கட்டும். டாக்டர் பேசும்போது நீயும் உன் மனைவியும் சேர்ந்து உட்காருங்கள். கேட்க வேண்டியதை முன்கூட்டியே எழுதிக்கொண்டு போங்கள். அந்த அறைக்குள் போனதும் பாதி மறந்துவிடும்.

"ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, மாடரேட்லி டிஃபரன்ஷியேட்டட்" என்பதைப் பார்த்துவிட்டு ராத்திரி முழுக்கப் போனில் தேடினாயாமே. அது மைக்ராஸ்கோப்பில் செல் எப்படித் தெரிந்தது என்பதற்கான குறிப்பு. நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை அது சொல்லாது. அதற்குத்தான் ஸ்கேனும் டாக்டரின் கைப் பரிசோதனையும். உனக்கு நாக்கின் ஓரத்தில் இரண்டு சென்டிமீட்டருக்குள் ஒரு புண், கழுத்தில் நெறி கட்டவில்லை. ஆரம்பநிலை என்று டாக்டர் சொன்னதை நம்பு. பயாப்ஸிக்காகக் கத்தி பட்டதால் பரவிவிடும் என்று உன் மாமியார் சொல்வதை நம்பாதே.

கழுத்தில்தான் ஒன்றுமில்லையே, அங்கே எதற்கு வெட்டுகிறார்கள் என்று கேட்டாய். நியாயமான கேள்வி. நாக்கில் வரும் புற்று கழுத்து நிணநீர் முடிச்சுகளுக்குள் ஸ்கேனுக்கும் கைக்கும் தட்டுப்படாத அளவில் ஒளிந்திருக்கக் கூடும். இதே கேள்வியை எடுத்துக்கொண்டு மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் ஆய்வு செய்து 2015இல் வெளியிட்டார்கள். வாய்க் கட்டியோடு சேர்த்துக் கழுத்து முடிச்சுகளையும் அப்போதே எடுத்தவர்களில் 80 சதவீதம் பேர் மூன்று ஆண்டுக்குப் பிறகு உயிரோடு இருந்தார்கள். நெறி கட்டினால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்களில் 67.5 சதவீதம் பேர். நம் நாட்டு நோயாளிகளை வைத்தே செய்தது, வெளிநாட்டுப் புத்தகத்திலும் ஏறிவிட்டது. ஆகவே கழுத்துக்கு மறுப்புச் சொல்லாதே. காது மடலும் கழுத்தும் கொஞ்ச காலம் மரத்துக் கிடக்கும், தோளைத் தூக்கவும் கஷ்டமாக இருக்கலாம். பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தரும் பயிற்சியை அலுத்துக்கொள்ளாமல் செய்தால் தோள் பெரும்பாலும் தேறும்.

எடுத்ததைப் பரிசோதித்த பிறகுதான் கதிர்வீச்சு தேவையா என்று முடிவாகும். தேவையென்றால் ஆபரேஷன் முடிந்து ஆறு வாரத்துக்குள் தொடங்குவது நல்லது. காயம் ஆறட்டும், ஆடி கழியட்டும் என்று வீட்டில் யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே.

இப்போது உன் கையில் இருக்கும் இந்தக் கொஞ்ச நாளில் செய்ய வேண்டிய பெரிய வேலை பல். கதிர்வீச்சு பட்ட தாடை எலும்புக்கு இரத்த ஓட்டம் குறைந்துவிடும். அதன்பிறகு பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாமல் போகலாம், எலும்பே செத்துவிடலாம். எத்தனையோ பேர் புற்றைத் தாண்டி வந்துவிட்டு ஒரு சொத்தைப் பல்லில் மாட்டிக்கொண்டு திரும்ப வந்து நின்றார்கள். அடைக்க முடியாத சொத்தை, ஆடும் பல், உள்ளே தங்கிய வேர் எதுவானாலும் முன்கூட்டியே எடுத்தாக வேண்டும், ஈறு ஆறக் குறைந்தது இரண்டு வாரம் விட வேண்டும். உமிழ்நீர் வற்றினால் நல்ல பல்லும் சீக்கிரம் சொத்தையாகும் என்பதால் ஃபுளோரைடு பூச்சையும் கேட்டு வாங்கு. கதிர்வீச்சு முடிந்து பத்து வருடம் ஆனாலும், பல் டாக்டரிடம் போனால் முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும்.

கதிர்வீச்சு தேவையென்று முடிவானால் அதைப் பற்றி ரொம்பப் பயப்படாதே. வெந்நீரில் இளகிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் அழுத்தி அச்சு எடுப்பார்கள், தினமும் அதை மாட்டித்தான் மேஜையோடு பூட்டுவார்கள். மூச்சு முட்டுவது போலத் தோன்றினால் கையைத் தூக்கு, வெளியே கேமராவில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். வாரம் ஐந்து நாள், ஆறு வாரமோ அதற்குச் சற்று மேலோ ஓடும். வலி அப்போது இல்லை, மூன்றாவது வாரம் தொடங்கும். வாயெல்லாம் புண், ருசி போகும், எச்சில் கொழகொழக்கும். முடிந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் கூடிவிட்டுத்தான் குறையும். வலி மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடு, பொறுத்துக்கொள்வதில் ஒரு பெருமையும் இல்லை. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா, அரை டீஸ்பூன் உப்பு கலந்து ஒரு நாளைக்குப் பல தடவை கொப்பளி. கடையில் விற்கும் காரமான மௌத்வாஷ் வேண்டாம்.

எடை குறையக் கூடாது. சர்க்கரை கட்டியை வளர்க்கும், முட்டை சூடு என்று சொல்பவர்கள் வருவார்கள், கேட்காதே. நெய் விட்ட குழைந்த சாதம், முட்டை, மோர் விட்ட ராகிக் கூழ் என்று எது இறங்குகிறதோ அதைச் சாப்பிடு. முடியாமல் போய் மூக்குக் குழாய் போட்டால் அதை அவமானமாக நினைக்காதே. குழாய் இருந்தாலும் டாக்டர் தடுக்காத வரை ஒன்றிரண்டு மடக்கு விழுங்கிக்கொண்டே இரு, விட்டுவிட்டால் தொண்டைத் தசை விழுங்குவதையே மறந்துவிடும். ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவே வைத்து வாய் திறக்கும் பயிற்சி தருவார்கள். இப்போது உன் மூன்று விரல் வாய்க்குள் நேராக நுழைகிறது. அது குறையாமல் பார்த்துக்கொள்.

இனி பாக்கு. புகையிலை போடவில்லை, வெறும் பாக்குதானே என்கிறாய். பாக்கே புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இலேயே வெளியிட்டுவிட்டது. உனக்கு வந்தது அதனால்தானா என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது, அதையே நினைத்து மருகவும் வேண்டாம். ஆனால் தொடர்ந்து போட்டால் வாயில் இன்னோர் இடத்தில் புதிதாக ஒன்று வரலாம். இன்றே நிறுத்து. முடியவில்லையென்றால் டாக்டரிடமே சொல், அதற்கும் ஆலோசனை உண்டு.

ராத்திரி தூக்கம் வராமல் அழுதால் அழுது தீர், தொடர்ந்து அப்படியே இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல். உன் தட்டையும் டம்ளரையும் தனியாக வைக்க விடாதே. இது தொற்றாது, பாப்பாவைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்து வை, ஆஸ்பத்திரியில் சேரும் முன்பே அந்தக் கவுண்டரில் கேட்டுவிடு. முள் சீத்தாப்பழ ஜூஸில் குணமாகும் என்று வீடியோ அனுப்பும் சித்தப்பாவுக்குப் பதிலே போடாதே.

ஒன்றும் ஆகாது என்று நான் சொல்ல மாட்டேன், அப்படிச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. திரும்ப வருவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள் வரும், அதனால் செக்கப் ஒன்றைக்கூட விடக் கூடாது. முதலில் நாளைக்கே பல் டாக்டரிடம் போய், எந்தப் பல்லை எடுக்கச் சொன்னார் என்று எனக்குப் போன் செய் கண்ணு.

உன் அத்தை