பட்டதும் அறிந்ததும்



“பட்டவனுக்குத்தான் தெரியும்” என்பது உலக வழக்கு. அது பாதி உண்மையே. ஆலையில் பல்லாண்டு அறுந்த நூலை முடிந்தோம். அஃது ஏன் அறுகின்றது என்று வினவினோமில்லை. கை பழகிற்று, அறிவு வளரவில்லை.

பௌத்தம் ஞானத்தை மூன்றாக வகுக்கும். கேட்டு வருவது சுதமயம். சிந்தித்து வருவது சிந்தாமயம். பயின்று தெளிவது பாவனாமயம். பட்டதைச் சிந்தியாதவனுக்குத் தழும்பே மிச்சம்.

இதற்கு நம் ஏரவாடாவே சான்று. இவ்வூர்ச் சிறையில் காந்தியார் உண்ணாநோன்பு இருந்தபோது, 1932 செப்டம்பர் 24-ல் பாபாசாகேப் அம்பேத்கர் பூனா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார். தமிழகத்து இரட்டைமலை சீனிவாசனாரும் எம்.சி. இராஜா அவர்களும் கையொப்பமிட்டனர். மாகாணச் சட்டசபைகளில் நம்மவர்க்குரிய இடங்கள் 71-லிருந்து 148 ஆயின. நம்மவர் மட்டுமே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் உரிமையோ நீங்கிற்று.

இடம் பெருகியதால் வலிமை பெருகிற்றா? பாபாசாகேப் மனக்கசப்போடு நின்றாரில்லை. 1937-ஆம் ஆண்டுத் தேர்தல் முடிவுகளைக் கணக்கிட்டு ஆராய்ந்து, 1945-ல் நூலாகவே வெளியிட்டார். பிறர் வாக்கால் வென்றவர் பிறர்க்கே கட்டுப்படுவர் என்று அதில் நிறுவினார். காயம் அவ்வாறு கல்வியாயிற்று.

ஆதலின் துன்பம் நேருங்கால் நான்கு வினாக்களை எழுப்புவோமாக: நேர்ந்தது யாது? காரணம் யாது? நீங்குமா? நீங்கும் வழி யாது? பகவன் அருளிய நான்கு வாய்மைகள் இவையே.

வரும் பௌர்ணமிக் கூட்டத்திற்கு ஒவ்வொருவரும் தாம் பட்ட ஒன்றை இவ்வாறு ஆராய்ந்து வருக.