முட்டை எடைக்கு மேல் வேண்டாம்

உன் கீபோர்டு சத்தம் அடுக்களை வரைக்கும் கேட்கிறது, தங்கச்சி. வேலை முடிந்ததும் கையை உதறிக்கொண்டே வருகிறாய். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு. அதைச் சொல்லத்தான் உன்னை உட்கார வைத்தேன்.

நோட்பேடைத் திறந்து வை. ஏதாவது ஒரு கீ மேல் ஐந்து ரூபாய்க் காசை ஒவ்வொன்றாக அடுக்கு. ஒரு கட்டத்தில் கீ தானே அமுங்கி, திரையில் அந்த எழுத்து வரிசையாக ஓடும். காசை எண்ணிப் பார், பெரும்பாலும் பத்துக்கு முன்னே பின்னே இருக்கும். ஏறக்குறைய 60 கிராம், ஒரு கோழிமுட்டையின் எடை. கீபோர்டுக்கான சர்வதேசத் தர அளவுகளும் 50 முதல் 80 கிராம் எடைக்குச் சமமான அழுத்தத்தைத்தான் உகந்தது என்கின்றன.

நாம் அடிப்பதோ அதைவிட மிக அதிகம். 1990-களில் அமெரிக்க ஆய்வாளர்கள் கருவி வைத்து அளந்தபோது, தேவையைப் போல இரண்டரை மடங்கு முதல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு வரை விரல்கள் அழுத்துவது தெரிந்தது. எழுத்து பதிந்த பிறகும் விரல் நிற்காமல் இறங்கி அடித்தட்டில் மோதுகிறது. நுனிச் சதை நசுங்கி மீள்கிறது. அந்த மோதலால் ஒரு எழுத்துகூட அதிகமாக விழுவதில்லை.

விரலோடு போனால்கூடப் பரவாயில்லை. கையை மேசையில் மல்லாக்க வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கு. மறு கையால் முழங்கைக்குக் கீழே தொட்டுப் பார். துள்ளுகிறதா? மடக்கும் தசை அங்கேதான் இருக்கிறது. அங்கிருந்து கயிறு மாதிரி தசைநாண்கள் மணிக்கட்டு வழியாக விரலுக்குப் போகின்றன. அவை எலும்பை ஒட்டியே ஓடுவதால் இழுவை பல மடங்கு ஆகிறது. கதவைக் கைப்பிடிப் பக்கம் தள்ளாமல் கீல் ஓரமாகத் தள்ளிப் பார், புரியும். மணிக்கட்டு அறுவை சிகிச்சைக்கு வந்தவர்களின் தசைநாணிலேயே கருவியை மாட்டி, ஒரு கீயைத் தட்டச் சொல்லி அளந்திருக்கிறார்கள். 1999-இல் வெளியான அந்த ஆய்வில், விரல் நுனியில் இருந்ததைப் போல நான்கு முதல் ஏழு மடங்கு விசை தசைநாணில் இருந்தது. மணிக்கட்டின் குறுகலான வழியில் ஒன்பது தசைநாண்களோடு ஒரு நரம்பும் நெருக்கியடித்துப் போகிறது என்பதை நினைவில் வை.

நான் டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் டைப்ரைட்டர் மெஷினில் பழகியவள். கார்பன் வைத்து மூன்று காப்பி எடுக்க ஓங்கித்தான் குத்த வேண்டும். டிடிபி வேலைக்கு வந்த பிறகும் அந்தக் குத்து என் கையை விட்டுப் போகப் பல வருஷமாயிற்று. உனக்கு அந்தப் பழக்கம் தேவையே இல்லை. தினமும் வேலை தொடங்கும்போது ஐந்து நிமிஷம், சத்தம் வராமல் அடிக்க முயற்சி செய். வேகம் குறையும், குறையட்டும். லேப்டாப் கீ ஆழம் இல்லாதது, விரல் சட்டென்று அடியில் மோதிவிடும். அங்கே இன்னும் மெதுவாக.

கீபோர்டுக்குப் பின்னால் இருக்கும் குட்டிக் கால்களை இன்றைக்கே மடக்கிவிடு. அவை நிமிர்ந்திருந்தால் மணிக்கட்டு மேல்நோக்கி வளைந்து, உள்ளே நெருக்கம் கூடும். மேசை விளிம்பில் மணிக்கட்டை ஊன்றிக்கொண்டு அடிக்காதே. ஷிப்டை ஒரு கையாலும் எழுத்தை மறு கையாலும் அடி, சுண்டுவிரல் இழுபடாது. தூசி அடைத்துக் கீ கடினமாகிவிட்டால் சுத்தம் செய், சரியாகாவிட்டால் மாற்றிவிடு. இதற்கு யோசிக்கவே யோசிக்காதே.

தமிழில் அடிக்கும்போது தட்டுகளையும் குறைக்கலாம். ‘அம்மா’வை ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து அடித்தால் ஐந்து தட்டு, தமிழ்99 விசைப்பலகை அமைப்பில் நான்கு, இடையில் புள்ளி தானாக விழும். நாளெல்லாம் அடிப்பவளுக்கு இது சின்னக் கணக்கில்லை.

ராத்திரியில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய் எழுந்தாயானால் தைலம் தேய்த்து ஒப்பேற்றாதே. கீபோர்டு ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. சர்க்கரை, தைராய்டு, கர்ப்பம் எல்லாவற்றிலும் மணிக்கட்டு வழியாகப் போகும் அந்த நரம்பு அழுந்தலாம். டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். என்னிடம் மறைக்காமல் சொல், நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.