மூன்றாவது சிங்கிள்ஸ் ஆடும் பிள்ளைக்கு

அன்பு மகள்,

மாகாணப் பட்மின்டன் போட்டி முடிந்து வரும்போது பஸ்ஸில் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தாய். கல்லடிப் பாலம் ஏறிய பிறகுதான் வாய் திறந்தாய். "ரீச்சர், மூன்றாவது சிங்கிள்ஸ் என்றால் மிச்சமான ஆள்தானே?" மற்றப் பிள்ளைகளும் கூட இருந்ததால் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன். உன்னைப்போல் வாங்கில் இருந்துவிட்டு வீடு திரும்பும் பிள்ளைகள் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்களும் வாசிக்கட்டும் என்றுதான் இதைப் பத்திரிகைக்குக் கொடுத்தேன்.

முதல் இரண்டு சந்திப்பிலும் நம் பிள்ளைகள் 3–0 என்று வென்றார்கள். உன் றெக்கட் உறையை விட்டு வெளியே வரவில்லை. மூன்றாவதில் 2–2. உன்னைக் கூப்பிட்டார்கள். முதல் ஏழு புள்ளியும் எதிர்ப் பிள்ளைக்குப் போயிற்று. அந்தச் செற் 21–12. அடுத்த செற்றில் 19 வரை விரட்டிப் போய்த் தோற்றாய். 19 வரை போகத் தெரிந்த பிள்ளைக்கு ஆடத் தெரியாது என்று யாரும் சொல்லமுடியாது. அந்த ஏழு புள்ளியைப் பற்றித்தான் நான் பேச வேண்டும்.

அதற்கு முன் ஒரு கதை. 2022 மே மாதம் உனக்கு ஞாபகம் இருக்கும், பெற்றோல் வரிசையும் மின்வெட்டுமாகக் கிடந்த மாதம். அந்த நாட்களில் பாங்கொக்கில் தோமஸ் கிண்ணமும் ஊபர் கிண்ணமும் நடந்துகொண்டிருந்தன. தோமஸ் ஆண்களுக்கு, ஊபர் பெண்களுக்கு. 1984இலிருந்து இரண்டையும் ஒரே இடத்தில் நடத்துகிறார்கள். ஒரு சந்திப்பில் மூன்று சிங்கிள்ஸ், இரண்டு டபிள்ஸ். குழுச் சுற்றில் ஐந்தையும் ஆடியே ஆகவேண்டும். அதற்குப் பிறகு யார் மூன்றை வென்றாலும் அத்தோடு சரி. ஐந்தாவதாக எழுதப்பட்ட ஆள் உடுப்பு மாற்றி, தலையைக் கட்டி, ஆடாமலே ஹோட்டலுக்குப் போகவும் நேரும்.

ஊபர் இறுதி மே 14ஆம் திகதி, தென்கொரியாவும் சீனாவும். முதல் ஆட்டத்தில் ஆன் சே-யங்கும் சென் யூஃபேயும் 91 நிமிடம் போராடினார்கள். கடைசிச் செற்றை சென் 22–20 என்று எடுத்தார். கொரியாவின் முதல் ஆள் தோற்றாயிற்று. டபிள்ஸில் ஒன்றை மீட்டார்கள், அடுத்த சிங்கிள்ஸ் போனது, இரண்டாவது டபிள்ஸ் வந்தது. 2–2. இத்தனை மணித்தியாலமும் காத்திருந்த சிம் யூ-ஜின் அப்போதுதான் கோர்ட்டுக்குள் இறங்கினார். எதிரே வாங் சியி, தரவரிசையில் அவரைவிட எவ்வளவோ மேலே இருந்தவர். முதல் செற் 28–26 என்று சிம் பக்கம். இரண்டாவது 18–21. மூன்றாவது 21–8. கிண்ணம் கொரியாவுக்கு.

அந்த 28–26ஐத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். மணிக்கணக்காகக் காத்திருந்த உடம்பு முதல் செற்றிலேயே அந்த இழுபறிக்குத் தயாராக இருந்திருக்கிறது. வாங்கில் சும்மா உட்கார்ந்திருந்தவளால் அது ஏலாது, மகள்.

அடுத்த நாள் தோமஸ் இறுதி. அதுவரை பதினான்கு முறை கிண்ணம் எடுத்த இந்தோனேசியாவை, இறுதிக்கே முதல் தடவையாக வந்த இந்தியா 3–0 என்று வென்றது. லக்ஷ்ய சென்னையும் ஸ்ரீகாந்தையும் சாத்விக்–சிராக் சோடியையும் எல்லோரும் கொண்டாடினார்கள், கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் அந்த இறுதிக்கு அவர்களைக் கொண்டுவந்தவர் எச்.எஸ்.பிரணோய். காலிறுதியில் மலேசியாவுடன் 2–2, ஐந்தாவது ஆட்டத்தை வென்றார். அரையிறுதியில் டென்மார்க்குடன் மறுபடியும் 2–2. ராஸ்மஸ் கெம்கேயுடன் ஆடும்போது சறுக்கிக் கணுக்கால் பிசகியது, முதல் செற் 13–21 என்று போனது. அந்தக் காலோடு மற்ற இரண்டையும் 21–9, 21–12 என்று எடுத்தார். இறுதியில் அவர் முறை வருமுன்னமே எல்லாம் முடிந்துவிட்டது. அவரை மிச்சமான ஆள் என்று உன் வாய் சொல்லுமா?

தோமஸ் கிண்ணத்துக்குப் பெயர் தந்த ஜோர்ஜ் தோமஸ் பெரிய பட்மின்டன் வீரர், சதுரங்கத்திலும் இரண்டு முறை பிரித்தானிய சம்பியன். கபபிளாங்காவையும் பொட்வின்னிக்கையும் ஒரே போட்டித் தொடரில் தோற்கடித்தவர். அவர் பெயரில் இருக்கிற போட்டியில் ஆட்களின் வரிசை இவ்வளவு கனம் பெற்றது எனக்குப் பொருத்தமாகத்தான் படுகிறது.

இனி அந்த ஏழு புள்ளி. நான் உன் வயதில் ஆடியபோது சேர்விஸ் கையில் இருந்தால்தான் புள்ளி. எதிரி சேர்விஸ் போடும்போது அவளுடைய ஓட்டத்தை முறித்தால் சேர்விஸ் கைக்கு வரும், புள்ளி நகராது. உடம்பு சூடேற அவகாசம் கிடைக்கும். 2006இல் 21 புள்ளி முறை வந்து அதை மாற்றியது. அதைக் கொண்டுவர முன்நின்றவர்களில் ஒருவர் மலேசியத் தமிழர், பஞ்ச் குணாளன். 1970 ஆசிய விளையாட்டில் சிங்கிள்ஸ் தங்கம் எடுத்தவர், மலேசியாவுக்காகத் தோமஸ் கிண்ணம் ஆடியவர். அந்த முறையில் சேர்விஸ் யாருடையதாக இருந்தாலும் ஒவ்வொரு றாலி முடிவிலும் யாருக்காவது ஒரு புள்ளி. குளிர்ந்த உடம்போடு இறங்கினால் அந்தக் குளிரையும் எண்ணிப் பலகையில் எழுதிவிடுவார்கள். உனக்கு ஏழு எழுதினார்கள்.

அதில் என் பிழையும் இருக்கிறது. இரண்டாவது டபிள்ஸ் நடக்கும்போது சோற்றுப் பார்சலை உன் கையில் தந்தது நான்தான். பாதி சாப்பிட்டிருப்பாய், பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். கையைக் கழுவிக்கொண்டு ஓடினாய். இனி அந்த நேரத்தில் ஒரு வாழைப்பழமும் தண்ணீரும்தான். சோறு எல்லாம் முடிந்த பிறகு.

இரண்டாவது சிங்கிள்ஸ் முடிந்த கையோடு நீ எழும்ப வேண்டும். அரங்கின் பின்னால் கயிறு அடி, கொக் இல்லாமல் ஆறு மூலைக்கும் ஓடிப்பார், வேர்க்க வேண்டும். நாம் 3–1 என்று வெல்லப்போகிறோம் என்று தெரிந்தாலும் செய். கூப்பிடமாட்டார்கள் என்ற நாளில் செய்யாதவளுக்குக் கூப்பிடும் நாளிலும் வராது.

அதற்கு முன்னால் உனக்கு இன்னொரு வேலை இருக்கிறது, அதை நம் அணியில் உன்னால்தான் செய்யமுடியும். நான் பழகியது உள்ளக அரங்கில் இல்லை. கல்லடியில் எங்கள் வளவில், மணலில் கோடு கீறி, இரண்டு தென்னைக்கு நடுவில் பழைய மீன்வலைத் துண்டைக் கட்டி ஆடினோம். கச்சான் எழும்பினால் கொக் கடல் பக்கமாக இழுபடும், வாடையில் வாவிப் பக்கமாக. காற்று முகத்தில் வந்து மோதும்போதே அடியை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கை கணக்குப் போட்டுவிடும். நீயும் அப்படி வெளியில் வளர்ந்த பிள்ளை. பெரிய அரங்குகளிலும் காற்று இருக்கிறது. ஒரு கதவு திறந்திருந்தால், ஒரு மின்விசிறி சுழன்றால் போதும். முதல் சிங்கிள்ஸ் நடக்கும்போதே கோர்ட்டின் பக்கக் கோட்டுக்கு நேரே நின்று பார். உயர அடித்த கொக் எந்தப் பக்கம் வெளியே போகிறது, எந்தப் பக்கம் குறைந்து விழுகிறது? அதை அடுத்து இறங்கும் அக்காமாரின் காதில் போடு. "இந்தப் பக்கமிருந்து தூக்கினால் கோட்டைத் தாண்டும், கொஞ்சம் அடக்குங்க." உன்னுடைய முறை வரும்போது அந்த அரங்கில் அதிகம் தெரிந்தவள் நீயாக இருப்பாய்.

2012இல் லண்டன் ஒலிம்பிக்கில் நிலூக கருணாரத்ன ஜப்பானின் கெனிச்சி டாகோவை வென்றாரே, அவர் படத்தை உன் கொப்பி மட்டையில் ஒட்டியிருக்கிறாய். கழற்றாதே. தனியாக ஆடும் ஆசை இருக்கட்டும். பக்கத்தில் சிம் யூ-ஜின்னுக்கும் கொஞ்சம் இடம் விடு.

சாதாரண தரம் வருகிறது, ரியூஷனைக் குழப்பாதே என்று அம்மா சொன்னாவாம். சரிதான், வார நாளில் வரவேண்டாம். சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு வா. கச்சான் எழும்ப முன்னம் ஒரு மணித்தியாலம் கிடைக்கும். என்னிடம் ஒரு குழாய் இறகுக் கொக் இருக்கிறது. இந்த வரட்சியில் இறகு நாலு அடியில் முறிந்துவிடும். வெள்ளிக்கிழமை இரவே குழாயின் இரண்டு மூடியையும் கழற்றி, கேத்தில் ஆவியில் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கிறேன். நீ கயிற்றைக் கொண்டுவா.

அன்புடன்,
உன் ரீச்சர்