வெள்ளி நைட்ரேட்டிடம் நான் கற்ற பாடம்



போன தேர்தலில் உங்க அம்மா ஓட்டுப் போட்டுவிட்டு வந்தப்போ விரலில் மை பார்த்திருப்பீர்கள். எத்தனை தடவை சோப்பு போட்டாலும் போகாது. அதில் இருப்பது வெள்ளி நைட்ரேட். கர்நாடக அரசின் மைசூர் பெயிண்ட்ஸ் கம்பெனி தயாரிக்கும் இந்த மை 1962 பொதுத் தேர்தலில் இருந்து பயன்படுகிறது. தோலில் பட்டு, வெளிச்சம் பட்டதும் கறுத்துவிடும். நம் பள்ளி ஆய்வகத்தில் பழுப்பு நிற பாட்டிலில் இருப்பதும் அதே வெள்ளி நைட்ரேட்தான்!

வினைப்பொருள் என்றால் என்ன?

ஒரு பொருளில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க நாம் சேர்க்கும் வேதிப்பொருளே வினைப்பொருள். "ரீஏஜெண்ட்ங்கிறது ஒரு கேள்வி மாதிரி. கேட்டதுக்கு மட்டும்தான் பதில் வரும்" என்று மிஸ் சொன்னாங்க. அப்போது எனக்குப் புரியவில்லை.

குளோரைடு சோதனை

1. சோதனைக் குழாயில் கொஞ்சம் நீர் எடுக்கவும்.
2. நீர்த்த நைட்ரிக் அமிலம் சில சொட்டு விடவும். (கார்பனேட் இருந்தாலும் வெண்மை வரும். அமிலம் அதை நீக்கிவிடும்.)
3. வெள்ளி நைட்ரேட் கரைசல் விடவும். தயிர் போன்ற வெண்மை வீழ்படிவு வந்தால் குளோரைடு உண்டு.

வெள்ளி நைட்ரேட் + சோடியம் குளோரைடு → வெள்ளி குளோரைடு ↓ + சோடியம் நைட்ரேட்

நான் செய்த தப்பு

எங்கள் லைன் வீட்டு போர் தண்ணீரைக் கொண்டுவந்து சோதித்தேன். வெள்ளையாகிவிட்டது! ஓடிப்போய் அம்மாவிடம் "தண்ணி கெட்டுப்போச்சு" என்றேன். பக்கத்து வீட்டு பெரியம்மா "ஏதோ கம்பெனித் தண்ணி கலந்திருக்கும்" என்றார். ஒரு வாரம் அம்மா கேன் தண்ணீர் வாங்கினார். ஒரு கேன் 30 ரூபாய்.

மிஸ்ஸிடம் பெருமையாகச் சொன்னேன். "காய்ச்சி வடித்த நீரைச் சோதிச்சியா?" என்று கேட்டாங்க. சோதித்தேன். அதுவும் லேசாக வெள்ளையானது! காரணம், குழாயை நான் பைப் தண்ணீரில் கழுவியிருந்தேன். காய்ச்சி வடித்த நீரில் கழுவி மறுபடி செய்தபோது அது தெளிவாக இருந்தது, போர் தண்ணீர் மட்டும் வெள்ளையானது.

"சரி, குளோரைடு இருக்கு. நிலத்தடி நீர்ல அது இருக்கத்தான் செய்யும். எவ்வளவு இருக்கு? எங்கிருந்து வந்துச்சு? இந்தச் சோதனை சொல்லுச்சா?" என்றாங்க மிஸ். நான் தலை குனிந்தேன்.

எவ்வளவு என்று அறிவது எப்படி?

2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு நீர்ச் சோதனைப் பயிற்சி தரும் ஏற்பாடு உண்டு. பயிற்சி பெற்ற அக்கா ஒருவர் பெட்டியோடு வந்தார். தண்ணீரில் பொட்டாசியம் குரோமேட் விட்டதும் மஞ்சளானது. பிறகு வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக எண்ணி விட்டார். குளோரைடு எல்லாம் தீர்ந்ததும் நிறம் செங்கல் சிவப்பாக மாறியது. சொட்டுக் கணக்கை வைத்து அளவு சொன்னார்.

லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 1000 வரை. எங்களுடையது 250-ஐக் கொஞ்சம் தாண்டியிருந்தது. உப்புத் தண்ணீர்தான்!

ஆனால் கிருமி இருக்கிறதா என்று வெள்ளி நைட்ரேட் சொல்லாது. அதற்கு வேறு பாட்டில் உண்டு. தண்ணீர் நிரப்பி ஒன்றிரண்டு நாள் வைத்தால், கறுத்தால் மலக்கிருமி கலந்திருக்கலாம். எங்கள் பாட்டில் கறுத்தது. நான் பயந்தது உப்புக்கு, பயப்பட வேண்டியது இதற்கு! இப்போது காய்ச்சிக் குடிக்கிறோம். பெரியம்மா வீட்டிலும்தான்.

கவனம்!

* வெள்ளி நைட்ரேட் கையில் பட்டால் கறுக்கும், கண்ணில் படக் கூடாது.
* வெளிச்சத்தில் கெட்டுப்போகும். அதனால்தான் பழுப்பு பாட்டில்.
* லேபிள் இல்லாத பாட்டிலைத் தொடாதீர்கள்.

யோசியுங்கள்: நைட்ரிக் அமிலத்துக்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் என்ன ஆகும்? விடையை எழுதி மிஸ்ஸிடம் கொடுங்கள்.


9-ஆம் வகுப்பு மாணவி, வல்லம் வடகால்