ஆறு நிமிட நடை

மருத்துவமனையின் நீண்ட நடைகூடம். தரையில் 30 மீட்டர் இடைவெளியில் இரு குறிகள் இடப்பட்டுள்ளன. இதய நோயாளி ஒருவர் அக்குறிகளுக்கிடையே 6 நிமிடம் முன்னும் பின்னுமாக நடக்கிறார். ஓட வேண்டியதில்லை, களைத்தால் நின்று இளைப்பாறலாம். முடிவில் அவர் கடந்த தொலைவு குறித்துக்கொள்ளப்படுகிறது. ஒருவரது உடலுழைப்புத் திறனை அறிய உதவும் இவ்வெளிய முறைக்கு 'ஆறு நிமிட நடைச் சோதனை' என்று பெயர்.

இதயச் செயலிழப்பு என்பது இதயம் நின்றுவிடுவது அன்று. உடலுக்குத் தேவையான அளவு குருதியைச் செலுத்த இயலாது அது தளர்ந்திருக்கும் நிலை. இந்நோயுற்றோர் சில படிகள் ஏறினாலும் மூச்சிரைப்பர். இவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இரும்புச்சத்துக் குறைபாடும் உண்டு. இரும்பு, குருதியில் உயிர்வளியைச் சுமக்க உதவுகிறது. தசைகளில் ஆற்றல் பிறக்கவும் துணைசெய்கிறது. ஆகவே, இரும்புச்சத்து மாத்திரை உட்கொண்டால் நடை கூடும் என்று எண்ணுவது இயல்பே.

அவ்வெண்ணத்தை ஆய்வாளர்கள் சோதித்தனர். 2017ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஆய்வில், இக்குறைபாடுடைய 225 இதயச் செயலிழப்பு நோயாளிகள் பங்கேற்றனர். ஒரு சாராருக்கு இரும்பு மாத்திரையும், மற்றொரு சாராருக்கு மருந்தில்லாப் போலி மாத்திரையும் 16 வாரம் தரப்பட்டன. எவர் எதை உண்டார் என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. முடிவில் இரு சாராரின் உழைப்புத் திறனிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

அப்படியாயின் இரும்பு பயனற்றதோ எனின், அன்று. 2009இல் வெளியான மற்றோர் ஆய்வில் 459 நோயாளிகள் பங்கேற்றனர். அவர்களுள் ஒரு சாராருக்கு ஊசிவழியே சிரையில் இரும்பு செலுத்தப்பட்டது. 24 வாரத்திற்குப்பின், 6 நிமிடத்தில் அவர்கள் கடந்த தொலைவு மற்றவர்களைவிடச் சராசரியாக 35 மீட்டர் மிகுந்திருந்தது.

ஒரே சத்து, விளைவு மட்டும் ஏன் வேறு? நெடுநாள் நோயில் கல்லீரல், ஹெப்சிடின் என்னும் ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கக்கூடும். அது குடலின் வாயிலைச் சாத்திவிடுவதால், விழுங்கிய இரும்பு குருதியை அடைவது குறைகிறது. சிரையில் செலுத்திய இரும்போ அவ்வாயிலைக் கடக்க வேண்டியதில்லை.

வெளிமாநிலத்தில் வாழும் குடும்பங்கள் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, தாத்தா பாட்டிக்குச் சத்து மாத்திரைகள் வாங்கிச் செல்வதுண்டு. அன்பினால் வாங்குவதாயினும், மருத்துவரைக் கேளாமல் கொடுத்தல் தகாது. எடுத்துக்காட்டாக, சில இதய மருந்துகளுடன் பொட்டாசியம் கலந்த சத்துப்பொருளையும் உட்கொண்டால், குருதியில் பொட்டாசியம் மிகுந்து இதயத்துடிப்பே பிறழக்கூடும். குருதிச் சோதனையால் குறையை அறிந்து, மருத்துவர் கூறும் வழியில் அதை நிரப்புவதே முறை. அவர் இசைந்தபின், மாலைதோறும் தாத்தாவின் கைபற்றி உடன் நடக்கலாம். மருத்துவர் வகுத்தளிக்கும் நடைப்பயிற்சியும் உழைப்புத் திறனை வளர்க்கும்.

சொல்லும் பொருளும்
குருதி – இரத்தம்
உயிர்வளி – ஆக்சிஜன்
சிரை – இதயத்தை நோக்கிக் குருதியைக் கொண்டுசெல்லும் குழாய்
பிறழ்தல் – முறை மாறுதல்

பயிற்சி
1. பிரித்து எழுதுக: மூச்சிரைப்பு, உடலுழைப்பு, அவ்வாயில்.
2. போலி மாத்திரை எதற்காகத் தரப்பட்டது?
3. விழுங்கிய இரும்பு பயன்தராமைக்குக் காரணம் யாது?
4. சத்து மாத்திரை வாங்கிவருவதாகக் கூறும் தாத்தாவுக்கு, இப்பாடத்தின் கருத்தை விளக்கி ஒரு கடிதம் எழுதுக.