வலைப்பக்கத்திற்குத் தலைப்பிடும் முறை

நம் சங்கத்தின் வலைத்தளத்தில் இன்று 42 பக்கங்கள் உள்ளன. அவற்றுள் 37 பக்கங்களுக்குத் தலைப்பு ஒன்றே: 'முகப்பு'. விடுதியில் இடம் பெறும் வழியைக் கூறும் பக்கமும் முகப்பு. பொங்கல் விழா அறிவிப்பும் முகப்பு. இவ்விதழில் வந்த பழைய கட்டுரைகளும் முகப்பு! ஒரு வீட்டிற்கு இத்தனை வாயில்களா என்று வியக்க வேண்டியிருக்கிறது. ஊரை விட்டு முதன்முதலாக வடக்கே புறப்படும் ஒரு மாணவியோ மாணவனோ, விடுதியைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் தேடும்போது, நாம் அக்கறையோடு எழுதி வைத்த விடை அவர் கண்ணில் படுவதே இல்லை. இங்கு வருமுன் இரண்டு இரவுகள் அப்படித் தேடியவன் நான். ஆகவே இது ஏட்டுச் சுரைக்காய் அன்று.

தலைப்பு என்று நான் குறிப்பது பக்கத்தின் உச்சியில் பெரிய எழுத்தில் தெரிவதை அன்று. எச்.டி.எம்.எல். மொழியில் எழுதப்பட்ட ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பகுதியிலும் 'டைட்டில்' என்றொரு குறி உண்டு. உலாவியின் மேல்விளிம்பில் சிறிதாகத் தெரிவது அதுவே. தேடுபொறி விடைகளைக் காட்டும்போது நாம் தொட்டுத் திறக்கும் வரியும் பெரும்பாலும் அதிலிருந்தே எடுக்கப்படுகிறது.

இதற்கு ஏன் இத்தனை மதிப்பு? ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களாயிருந்த செர்கே பிரின், லாரி பேஜ் இருவரும் 1998-இல் கூகுளின் அமைப்பை விளக்கி ஒரு கட்டுரை வெளியிட்டனர். தலைப்பில் வரும் சொல், முகவரியில் வரும் சொல், பிறர் நம் பக்கத்திற்குக் கொடுக்கும் இணைப்பில் எழுதும் சொல் போன்றவற்றை அவர்கள் ஒரு தனி வகையாகப் பிரித்தனர்; பக்கத்தின் உடலில் வரும் சொற்கள் வேறு வகை. பலரும் தேடும் பொருள்களில், தலைப்புக்களை மட்டும் ஒப்பிட்டு, பிற பக்கங்களின் இணைப்புக்களைக் கொண்டு மதிப்பிட்டு வரிசைப்படுத்தினாலே நல்ல விடைகள் கிடைக்கின்றன என்றும் எழுதினர். நம்மைப் போன்ற மாணவர்களின் ஆராய்ச்சி என்பதால் எனக்கு அதில் ஒரு தனி மகிழ்ச்சி! இன்றைய தேடுபொறி இன்னும் எத்தனையோ குறிப்புக்களை ஆராய்கிறது. தலைப்பை மாற்றியதும் பக்கம் முதலிடத்திற்குத் தாவிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பொருளின் பெயரே இல்லாத தலைப்பு, வரிசையிலும் பின்தங்கும். தப்பித் தவறி முன்னே வந்தாலும் 'முகப்பு' என்பதைத் திறப்பார் யார்?

சிலர் இதற்கு நேர்மாறாக, 'விடுதி, விடுதி அறை, விடுதி கட்டணம், மலிவான விடுதி' என்று தலைப்பில் சொற்களைத் திணிப்பர். அது பயனற்றது. நம் தலைப்பு தக்கதன்று என்று தோன்றினால் கூகுள் பக்கத்தின் வேறு பகுதியிலிருந்து ஒரு வரியை எடுத்துக் காட்டிவிடும். 2021 ஆகஸ்டில் இம்முறையை மாற்றியபோது பலர் முறையிட்டனர். அடுத்த மாதம் அதைத் திருத்திய பின், ஏறத்தாழ 87 விழுக்காடு விடைகளில் நாம் இட்ட தலைப்பையே பயன்படுத்துவதாக அந்நிறுவனம் அறிவித்தது.

தமிழுக்கென்று இரண்டு இடர்ப்பாடுகள் உண்டு. ஒன்று அகலம். தலைப்பின் நீளத்திற்கு வரம்பு இல்லை. ஆனால் திரையின் அகலத்திற்கு மிஞ்சியது வெட்டுப்படும். 'கொ' ஓரெழுத்தே ஆயினும் அது அடைக்கும் இடத்தைப் பாருங்கள்! ஆகவே இன்றியமையாத சொல் முதலில் வரவேண்டும். சங்கத்தின் பெயர் கடைசியில் நிற்கட்டும், வெட்டுப்பட்டாலும் குற்றமில்லை. மற்றொன்று பழைய எழுத்துரு. பாமினி போன்றவற்றில் தட்டெழுதியதைத் தலைப்பில் ஒட்டினால், அங்கே எழுத்துருவைக் குறிப்பிட வழியில்லாமையால், பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே தெரியும். தேடுபொறிக்கும் அவை ஆங்கில எழுத்துக்களே. யூனிகோடில் எழுதுவதே வழி.

இனி நம் கவிஞர்களின் மனக்குறை. சோடியத்தைத் தண்ணீரில் இட்டால் தீப்பற்றுவது பற்றி நண்பர் ஒருவர் எழுதிய நல்ல கட்டுரைக்கு 'நீரில் எழுந்த நெருப்பு' என்று பெயர். அழகான பெயர்தான்; ஆனால் தேர்வுக்கு முந்தைய இரவில் எவரும் அப்படித் தேடமாட்டார். பக்கத்தின் உச்சியில் அது அப்படியே இருக்கட்டும். டைட்டில் குறியில் மட்டும் 'சோடியம் தண்ணீரில் ஏன் தீப்பற்றுகிறது? – நீரில் எழுந்த நெருப்பு' என்று எழுதலாம். நண்பர் இன்னும் முழுமனத்தோடு இசையவில்லை.

37 பக்கங்களுக்கும் தனித்தனித் தலைப்பு எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். விடுதிப் பக்கத்திற்கு மட்டும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இரண்டு பக்கங்கள் வேண்டும் என்பது என் கருத்து. ஏனெனில் நம்மவர் இரு மொழியிலும் தேடுகின்றனர். மாற்றத்தைத் தேடுபொறி மீண்டும் வந்து படித்து ஏற்க நாட்களோ சில வாரங்களோ ஆகலாம். சேர்க்கைக்கு முன் அதற்கு நேரம் இருக்கிறது.