களத்துக்குப் போகும் பிள்ளையளுக்கு

1. கேள்விதான் முதல், ஆய்வு நோக்குநிலை அதற்குப் பிறகு. ஓர் ஒழுங்கையில் எத்தனை கிணறு என்றால் எண்ணுங்கள், படிவம் போதும். அந்தக் கிணற்று வாளியை யார் தொட்டார்கள், யார் தள்ளி நின்று தண்ணீர் ஊற்றக் கேட்டார்கள் என்பதுதான் கேள்வியென்றால் படிவத்தை மடித்து வைத்துவிட்டு ஊருக்குள் நாளைக் கழியுங்கள். நேர்க்காட்சிவாதமா, பொருள்விளக்கவாதமா என்ற அத்தியாயத்தைத் திரும்பி வந்து எழுதலாம். (மேற்பார்வையாளர் முதலில் அதைத்தான் கேட்பார். கேட்கட்டும்.)

2. "உங்கட வீட்டைக் கீறித் தாருங்கோ" என்று கேட்டுப் பாருங்கள். யாழ். பல்கலைக்கழகத்து ஓவியர் தா. சனாதனன் இடம்பெயர்ந்தவர்களிடம் இப்படித்தான் கேட்டார். அவர்கள் ஞாபகத்திலிருந்து கீறிய வீட்டுப் படம், அதையே கட்டடக் கலைஞர் வரைந்த வரைபடம், சனாதனனுடைய சொந்தச் சித்திரம் எல்லாம் 2011இல் நூலாயின. அதன் தலைப்பிலேயே தோம்பு இருக்கிறது: ஒல்லாந்தர் காணியையும் ஆட்களையும் பதிந்து வைத்த ஏடு. ஆட்சி பதிந்ததற்கு எதிரே சனம் பதிந்தது. உங்களுக்குக் கிடைக்கும் படத்தில் கிணறு விறாந்தையை விடப் பெரிதாக வந்தால் திருத்த வேண்டாம். ஏன் பெரிதென்று கேளுங்கள், உங்கள் நேர்காணல் அங்கேதான் தொடங்குகிறது.

3. இன்று இருப்பவர்களின் பட்டியலில் மட்டும் மாதிரி எடுக்காதீர்கள். சோனகத் தெருவைப் படிப்பவர் புத்தளத்துக்கும் பஸ் ஏறவேண்டும். 1990 ஒக்டோபரில் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களைச் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். அவர்களில் பலர் புத்தளத்துக்குப் போனதால் அந்தத் தெருவின் ஞாபகத்தில் பாதி அங்கே கிடக்கிறது. மானிடவியலாளர் ஷரிகா திராணகம தன் ஆய்வில் தமிழர், முஸ்லிம்கள் என இரு சமூகத்தையும் சேர்த்து எழுதியது அதனால்தான் கனமாக இருக்கிறது.

4. "இடப்பெயர்வுக்கு முந்தி" என்பார்கள். எந்த இடப்பெயர்வு? வலிகாமம் வடக்குக்காரருக்கு அது 1990 ஆக இருக்கலாம், நகரத்தாருக்கு 1995.

5. படலையில் நின்று பதில் சொல்பவர் ஐயா. வீடும் காணியும் சீதனமாக வந்து அம்மாவின் பெயரில் இருக்கும். தேசவழமைச் சட்டத்தைப் படித்துவிட்டுப் போங்கள், அடுப்படிப் பக்கமும் போங்கள்.

6. கைபேசியில் பதிய முன் கேளுங்கள். சம்மதித்தவரும் இடையில் குரலைத் தணித்தால் நிறுத்திவிடுங்கள். இந்தச் சனத்தைப் பதிந்தவர்கள் பலர், எல்லோரும் நல்லதுக்குப் பதியவில்லை.

7. காணியைப் பரப்பில் சொன்னால் பரப்பிலேயே எழுதுங்கள். 16 பரப்பு ஓர் ஏக்கர். ஹெக்டேயராக்கும் வேலையைத் திட்டமிடல் அலுவலகத்தில் வைத்துக்கொள்ளலாம்.